நின்ற வண்டி

வண்டி நின்றுவிட்டது. அந்த ஆள்தான் கடக்கமாட்டேன் என்கிறான்.

சாலைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள். ஓரத்தில், தோளில் அரிசி மூட்டையோடு அவன். நீலச் சீருடையில் பொட்டலத்து மடிப்பு இன்னும் கலையவில்லை. வளைகுடாவுக்கு வந்து ஒரு வாரம் இருந்தால் அதிகம்.

வண்டியை ஓட்டும் இவன், பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை.

பக்கத்தில் லைசென்ஸ் பரீட்சை வைக்கும் போலீஸ் அதிகாரி. மடியில் அட்டை, கையில் பேனா. வாய் திறப்பதில்லை. பின் இருக்கையில், அடுத்து ஓட்டிக் காட்டவேண்டிய பாகிஸ்தான்காரர்.

ஊரில் லாரி ஓட்டியே தலை நரைத்தவன் இவன். அந்த லைசென்ஸ் இங்கே செல்லாது. வெள்ளைக்காரன் தன் நாட்டு லைசென்ஸை நீட்டினால் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். இவன் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன தடவை இதே மாதிரி ஒரு கோட்டில் நிற்காமல் போய்த்தான் தோற்றான்.

இதுதான் கடைசி என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா, திரும்பச் சாரம் கட்டத்தான் மாப்ள," என்று காலையில் மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

சாரம் என்றால் இரும்புக் குழாய். தலைக்கு மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். போன மழைக்கு வழுக்கி விழுந்ததிலிருந்து இவனுக்கு வலது கை காதைத் தாண்டி எழும்புவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்டியரிங் பிடிக்கக் கையைத் தூக்க வேண்டியதில்லை.

இவன் விரலை அசைத்தான். போ.

அந்த ஆள் சிரித்தான். தலை குனிந்து, நீங்க போங்க என்று கையைக் காட்டினான். போதாததற்கு ஓர் அடி பின்னால் வேறு நகர்ந்தான்.

இவனுக்குப் புரிகிறது. ஊரில் நடுரோட்டில் நின்ற வண்டி என்றால் பழுதான வண்டி. நடந்து போகிறவனுக்காக எவன் நிறுத்தினான்? காலை எடுத்து வைத்ததும் ஏற்றிவிடுவான் என்றுதான் தோன்றும்.

இப்போது நகர்ந்தால் தோல்வி. நகராமல் எத்தனை நேரம்?

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஊராக இருந்தால் இதற்குள் எல்லாரும் ஹாரனை அலறவிட்டிருப்பார்கள். அந்த ஆளும் கடந்து போயிருப்பான். இங்கே ஒருவனும் ஹாரனைத் தொடவில்லை. அந்த அமைதி பிடரியில் ஏறி உட்கார்ந்தது.

போடா சாமி. போயிடு.

கை தானாகப் போய்விட்டது.

கோபமில்லை. தொண்டையைச் செருமுவதுபோல, சின்னதாக ஒரு ஹாரன். பார்த்துட்டேன், நீ போ என்று ஊரில் அதற்கு அர்த்தம்.

அந்த ஆளுக்கு உடனே விளங்கியது. மூட்டை குலுங்கக் குலுங்க ஓடிக் கடந்தான்.

அட்டையில் பேனா ஒருமுறை அசைந்தது. நடக்கிறவனை ஹாரன் அடித்து விரட்டுவது இங்கே பெரிய தப்பு. அதிகாரி ஓரங்கட்டச் சொன்னார். பிறகு, இறங்கிப் பின் இருக்கைக்குப் போகச் சொன்னார்.

பின் இருக்கையிலிருந்து 'ச்சு' என்று ஒரு சத்தம்.

இவன் இறங்கினான்.

தன்னைப் பார்க்கத்தான் இறங்குகிறான் என்று நினைத்து, அந்த ஆள் மூட்டையை நடைபாதையில் போட்டுவிட்டு ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

"ஹாரனக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சுண்ணே, நம்மூரு ஆளுதான்னு! எனக்காக ஒரு கார நிறுத்தி, மொதல்ல நீ போன்னு சொன்ன மனுஷன் நீங்கதாண்ணே."

அவன் இவனுடைய கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

"டிரைவராண்ணே நீங்க?"

பாகிஸ்தான்காரர் அதற்குள் முன்னால் வந்து உட்கார்ந்து, இருக்கையைத் தன் கால் நீளத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.