கயத்தாறு வளைவில் ஒரு பிரேக்

வடிவாம்பாள் ஓட்ட வேண்டிய சரக்கு ரயில் கயத்தாறு வளைவில் கவிழ்ந்தது. கணினிக்குள்தான். எந்த வண்டியையும், ஓட்டுநரின் கைப்பழக்கத்தோடு சேர்த்து, முதலில் அது ஓட்டிப் பார்க்கும். அங்கே கவிழ்ந்தால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும்.

"வளைவுல பிரேக் போடுறீங்கம்மா. நடுவுல இருக்கிற காலிப் பெட்டிங்க எகிறுது," என்றது கணினி.

"அங்க நான் எதுக்குப் பிரேக் போடப்போறேன்?"

"அங்கதான் உங்க வீட்டுக்காரர் தன் டீக்கடை வாசல்ல நிப்பாரு. பார்க்கிறீங்க."

"அந்த மனுஷன்கிட்ட பேசியே ஒரு வாரமாச்சு!"

"பேசலைம்மா. பார்க்கிறீங்க."

வண்டியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. வீறாப்பை விழுங்கிவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஏங்க, கடையை மூடிட்டு உள்ள போங்க."

கணினி மறுபடி ஓட்டியது. மறுபடியும் கவிழ்ந்தது.

"ஆளைக் காணோமேன்னு இன்னும் பலமாப் பிடிக்கிறீங்கம்மா."

வடிவாம்பாள் பல்லைக் கடித்தபடி திரும்பவும் அழைத்தாள். "வளைவைத் தாண்டி நேர்ப்பாதையில வந்து நில்லுங்க. பார்க்கத்தான் வாறேன், போதுமா?"

மூன்றாம் முறை வண்டி கவிழவில்லை.

"ஆனா அங்க அஞ்சு நிமிஷம் நிக்குதும்மா," என்று இழுத்தது கணினி.

"மூணுன்னு போட்டுக்கோ," என்றாள்.

சிக்னல் பச்சையானது.