கோடு வந்துருச்சு

“ஒரு கோடுகூட விழலையேம்மா.”

மேஸ்திரி சொன்னதும் பட்டறையில் தேய்க்கும் சத்தம் நின்றது.

கீழே, சரிபார்க்க வைத்திருக்கும் மூலக் கண்ணாடி. அதன் மேல் அவள் கொண்டுவந்து வைத்த கண்ணாடித் தகடு. ஒரு ஓரத்தில் தாள் கீற்றைச் செருகியிருந்ததால் இரண்டுக்கும் நடுவில் காற்று ஆப்பு மாதிரி ஒடுங்கி நின்றது. மஞ்சள் விளக்கில் அங்கே கறுப்புக் கோடுகள் நேராக விழுந்தால் தகடு தேறும். தேய்த்த ஆளும் தேறும்.

ஏற்கெனவே அவளுடைய இரண்டு தகடு போச்சு. இதுவும் போனால் நாளை முதல் வேலையில்லை. திங்கட்கிழமை இப்படித்தான் ஒருவரைக் கைப்பக்குவம் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவள் கண்ணுக்குக் கோடுகள் தெரிந்தன, சீப்புப் பல் மாதிரி. மேஸ்திரியின் கண்ணிலோ போன வாரம் மருமகன் வாங்கித் தந்த கூலிங் கிளாஸ். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று பட்டறைக்குள் பந்தயமே ஓடியது.

“அதக் கழட்டிட்டுப் பாருங்கண்ணே.”

“முப்பது வருஷமா பாக்குற கண்ணு. நீ எனக்குப் பாடம் எடுக்குறியா?”

அப்போது அவர் போன் அடித்தது. இரண்டு கையும் தகட்டின் மேல். பெட்டி கட்டுகிறவர் போனை எடுத்து அவர் காதில் வைக்க, தலையைச் சாய்த்துத் தோளோடு இடுக்கிக்கொண்டார்.

“வந்துருச்சு!” என்று போனுக்குள் கத்தினார்.

“யாரு வந்தா?” மனைவியின் குரல் பட்டறைக்கே கேட்டது.

நிமிர்ந்தார். கோடுகள் போயின. சாய்ந்தார். வந்தன.

அப்புறம் எங்கே வேலை நடந்தது? கூலிங் கிளாஸ் கைமாறிக் கைமாறிப் போனது. லாரி டிரைவர் வரை எல்லோரும் காக்கா மாதிரி கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, சிரிப்பில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

தகட்டில் சரிவாகப் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தின் அலை படுத்தவாக்கில் அசையும். அந்தக் கறுப்புக் கண்ணாடி அதை மட்டும் மறிக்கும். தலை சாய்ந்தால் விட்டுவிடும். அவ்வளவுதான்.

மேஸ்திரிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. “ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கும்மா. தங்கமான கை. உன் வேலை எங்கயும் போகாது.”

கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தவள், சிரிப்போடு சிரிப்பாகத் தகட்டைத் திருப்பி, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த, தேய்த்த ஆளின் எண்ணைக் காட்டினாள். ஏழு. அவளுடையது ஒன்பது.

“இது என் கை இல்லண்ணே. திங்கக்கிழமை நீங்க கழிவுப் பெட்டியில போட்டது. எங்க வீட்டுக்காரரு அன்னையிலேர்ந்து கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க.”