திறக்காத டி டிரைவ்

லினி டீச்சரின் லேப்டாப்பில் பள்ளி வேலைக்கு லினக்ஸ், வீட்டு வேலைக்கு விண்டோஸ். அன்று காலை லினக்ஸில் டி டிரைவ் திறக்கவே இல்லை. நாளைய வினாத்தாள் அதற்குள் இருந்தது.

"அச்சாயா, விண்டோஸ்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

வேகவைத்த கப்பைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்த கணவன் சிஜோ நிமிர்ந்தான். "ஒரு வாரமா தொடவே இல்லடீ."

"விண்டோஸை முழுசா அணைக்காம தூங்க வெச்சாத்தான் லினக்ஸ்ல டிரைவ் பூட்டிக்கும். நான் வர்ற சத்தம் கேட்டு டப்புனு மடக்கி வெச்சிருக்கீங்க. யாரு அவ?"

"மாதா சத்தியமா நான் இல்ல!"

"பின்ன, அப்பச்சனா? அவருக்கு போன்ல நம்பரே நான்தான் போட்டுத் தரணும்."

மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்தினார். "விடாத மோளே. இவனை நம்பவே கூடாது."

லினி லேப்டாப்பை அணைத்து, விண்டோஸில் திறந்தாள். யாரோ விட்ட இடத்திலிருந்தே திரை விழித்துக்கொண்டது. கல்யாண வரன் தேடும் தளம். பாதி நிரப்பிய விண்ணப்பம்.

'வயது எழுபத்தொன்று. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். மனைவி காலமாகி ஆறு வருடம். இரண்டு ஏக்கர் ரப்பர் உண்டு.'

கீழே, குடும்பத்தாரின் சம்மதம் பற்றிய கட்டம்.

'மகனுக்கு முழுச் சம்மதம். மருமகளிடம் சொல்லத்தான் எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.'