ஓடு!

"பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு சிக்னல்மேன் வேலை?"

பிரிஜட்டுக்குக் கோபம் அடங்கவில்லை. அவளுக்குத் தெம்பனிஸ் வட்டாரத்தில் பேங்க் உத்தியோகம். சனிக்கிழமை வந்தால் போதும், ஏசி அறையெல்லாம் அலுத்துவிடும். ஆற்றோரம் குழாய் பதிக்கத் தோண்டும் இந்த சைட்டில், தொல்லியல் தொண்டராக மண்ணோடு மண்ணாகக் கிடப்பாள். பழைய பானைச் சில்லுகளைப் பொறுக்கி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வரிசை எண் போட்டு ட்ரேக்களில் காயவைப்பாள்.

காயவைத்தவை இப்போது பூட்ஸ் தடங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. ஆறு வார வேலை!

காரணம் அண்ணாதுரை. மண் தோண்டும் எக்ஸ்கவேட்டருக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று "ஓடு! ஓடு!" என்று கத்தியது கேட்டது. பள்ளத்தில் இருந்த பதினான்கு பேரும் உயிர் பிழைத்தால் போதுமென்று ஓடினார்கள், பிரிஜட்டின் ட்ரேக்களை மிதித்துக்கொண்டு. அபாய மணி அடித்தது. வேலை நின்றது.

பார்த்தால் மண்ணும் சரியவில்லை, ஒன்றும் இல்லை.

மேனேஜர் மார்வின் வந்தார். "என்னத்தப் பார்த்து கத்தினே?"

அண்ணாதுரை பிரிஜட்டை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "மண்ணு சரியிற மாதிரி இருந்துச்சு சார். பயந்துட்டேன்."

"பயமா இருந்தா ரூம்லயே இருக்கணும் லா!" என்றாள் பிரிஜட். "எங்க உழைப்பெல்லாம் வேஸ்ட்."

"மன்னிச்சுக்குங்கக்கா."

மார்வின் பெருமூச்சு விட்டார். "திங்கக்கிழமைல இருந்து நீ துவாஸ் ஸ்டோருக்குச் சாமான் அடுக்கப் போ. சிக்னல்மேன் வெஸ்ட்டை ஆபீஸ்ல குடுத்துடு."

மூன்று முறை பரீட்சை எழுதி வாங்கிய, சட்டைமேல் போடும் வெஸ்ட் அது. அண்ணாதுரை ஆபீஸ் பக்கம் நடந்தான்.

மார்வின் பிரிஜட்டிடம் திரும்பினார். "நல்லவேளை, இது உங்க ஆளுங்களால வந்த வினை இல்ல. ஞாபகம் இருக்குல்ல? தொண்டருங்களால ஒரு மணி நேரம் வேலை நின்னாலும் உங்களுக்குக் கேட்டைச் சாத்திடுவோம்."

ஞாபகம் இல்லாமல் என்ன? அந்த நிபந்தனையில்தானே உள்ளேயே விட்டார்கள்.

சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளை எக்ஸ்கவேட்டர் ஓட்டும் ரவூப் கூப்பிட்டார். "அக்கா, இங்க கொஞ்சம் வாங்க. பக்கெட்டுக்குக் கீழ பாருங்க."

குனிந்து பார்த்தாள். இரும்புப் பல்லுக்கு ஒரு சாண் தள்ளி, மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஜாடியின் வாய் எட்டிப் பார்த்தது. விரலால் சுற்றிலும் மண்ணைத் தள்ளினாள். கழுத்து, தோள், வயிறு. விரிசல்கூட இல்லை.

"முழுசு! ரவூப், முழுசா இருக்கு!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் கையகலச் சில்லுக்கே குதித்தவள். "எத்தனை நூறு வருஷமா நம்ம காலுக்குக் கீழயே இருந்திருக்கு!"

"இன்னொரு தடவை பக்கெட்டை இறக்கியிருந்தா மாவாயிருக்கும்."

"அந்தப் பயந்தாங்கொள்ளி கத்தினதும் நல்லதுக்குத்தான்."

ரவூப் சிரிக்கவில்லை. "அவன் பயந்து கத்தலக்கா. 'பானை ஓடு, பானை ஓடு'ன்னு கத்தினான். எனக்கு வாக்கிடாக்கில முழுசா கேட்டுச்சு, மெஷின் சத்தத்துல பசங்களுக்குப் பின்பாதிதான் கேட்டுச்சு."

பிரிஜட் ஜாடியை விட்டு நிமிர்ந்தாள்.

முதல் நாள், ஒரு பானைச் சில்லைத் தூக்கிக் காட்டி, தொழிலாளர்களை நிற்கவைத்துப் பள்ளிக்கூடத் தமிழில் பெருமையாகப் பேசியவள் அவள்தான். 'இதைத் தமிழில் ஓடு என்று சொல்வோம். எங்கே பார்த்தாலும் உடனே சத்தமாகச் சொல்லுங்கள்.'

"மேனேஜர்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆபீஸுக்குப் போறப்ப நானும் அவன்கிட்ட அதைத்தான் கேட்டேன். 'சொல்லிக் குடுத்தது யாருன்னு கேப்பாங்க, அக்கா பேரு வரும், கேட்டைச் சாத்திடுவாங்க. அப்புறம் அடியில இருக்கிறதை எல்லாம் யாரு எடுப்பா? நான் போனா ஒரு ஆளுதானே'ன்னுட்டான்."

கேட்டைச் சாத்திவிட்டால் இந்த ஜாடியைக்கூட பிரிஜட் வெளியே எடுக்க முடியாது. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. பிறகு பையிலிருந்து, கண்டெடுத்த பொருட்களோடு வைக்கும் அடையாள அட்டை ஒன்றை எடுத்து எழுதினாள்.

ஆபீஸில் அண்ணாதுரை வெஸ்ட்டின் ஜிப்பை இறக்கிக்கொண்டிருந்தான்.

"கழட்டாதீங்க," என்றாள். "மார்வின், 'ஓடு'ன்னு கத்தச் சொன்னது நான்தான். கேட்டைச் சாத்தறதுன்னா எனக்குச் சாத்துங்க. அதுக்கு முன்னாடி வந்து அந்த ஜாடியைப் பாருங்க."

"அக்கா, வேணாம்..." என்றான் அண்ணாதுரை.

அவள் அட்டையை மேசைமேல் வைத்தாள். ஆறு வாரமாக எல்லா அட்டையிலும் தன் பெயரையே எழுதி வந்த இடத்தில், இன்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்:

'கண்டெடுத்தவர்: அண்ணாதுரை, சிக்னல்மேன்.'