ஆறு மாடி மூச்சு

ஆறு மாடியையும் படியேறி வந்த மனிதருக்கு மூச்சு இரைக்கவில்லை. நுரையீரல் பரிசோதனை அறை வாசலில் நின்று, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினார்.

"என்ன அண்ணே, லிஃப்ட் ரிப்பேரா?" என்றாள் பரிசோதனை செய்யும் பெண்.

"நல்லாத்தாம்மா ஓடுது. சத்தத்தைக் கேட்டாலே தெரியும்."

அப்போதுதான் அவளுக்கு ஆள் பிடிபட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த லிஃப்ட் மெக்கானிக். அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க வந்தவர். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. இருபது வருடமாக ஊதித் தள்ளிய சிகரெட்தான், குழாயில் ஊதச் சொன்னபோது காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்றைக்கு அவர் விட்ட சவடாலும் ஞாபகம் வந்தது. "தினமும் நாலு கட்டிடம் ஏறி இறங்குறவன்மா நான். புகையெல்லாம் வேர்வையிலயே போயிடும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஏறுறதை விடாதீங்க, சிகரெட்டை விடுங்க. ஒண்ணு இன்னொண்ணுக்கு ஈடாகாது. இந்த மூச்சோட உங்களுக்கு மயக்க மருந்து குடுக்க முடியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று தேதி எழுதிக் கொடுத்தார். சிரித்தது சக்கர நாற்காலியில் இருந்த அண்ணன்தான். "ஊரையெல்லாம் லிஃப்ட்ல ஏத்துனவனைப் படியேற வச்சுட்டேன், பாத்தீங்களா!"

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சொல்லாத ஆளை அவள் இந்த அறையில் பார்த்ததே இல்லை. வாய் பொய் சொல்லும், சட்டைக் காலர் சொல்லாது. விரலில் கிளிப் மாட்டும் சாக்கில் குனிந்து முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

"ஒண்ணுகூடவா இல்லை? உண்மையைச் சொல்லுங்க."

"போன மாசம் ஒரு நாள் நீட்டினாங்க. வீட்டுல ஒரே கூட்டம். வேண்டாம்னுட்டேன்."

"பரவாயில்லையே! படி?"

"காலையில அறுநூறு, சாயங்காலம் அறுநூறு." வருகைப் பதிவேட்டை வாசிப்பது போல் சொன்னார்.

முதலில் நடை. தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஆறு நிமிடம் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். போன தடவை மூன்றாவது நிமிடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டவர், இன்று செக்குமாடு மாதிரி ஒரே சீராக நடந்தார். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் எண் இறங்கவே இல்லை.

"வீட்டுல யாரு உங்களை இப்படி விரட்டுனது?"

"அண்ணன்தான். சாயங்காலம் போன் போட்டு, இன்னிக்கு எத்தனைனு கேப்பாரு. ஒரு படி குறைஞ்சாலும் திட்டு."

"சலிப்பா இல்லையா?"

"எங்க வேலையே அப்படித்தாம்மா. சர்வீஸ் தேதி வந்தா போயாகணும். கட்டிடம் காலியாக் கிடந்தாலும் எண்ணெய் போட்டு, ஒரு தரம் மேல கீழ ஓட்டிப் பாத்து, கையெழுத்து வச்சுட்டுத்தான் வரணும்."

உள்ளே கூட்டிவந்து, மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கொடுத்தாள். "நல்லா இழுங்க... இழுங்க... ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!"

ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் கத்துகிற கத்தல் இது. வீட்டுக்குப் போனால் அவளுக்குப் பேச வாய் வராது. 'ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடியும்போது விடியட்டும்' என்று இருக்கப் பழகிவிட்டாள். யாருக்கு என்ன முடிவு வந்தாலும் தாளை அச்செடுத்து நீட்டுவதோடு சரி, மனதில் ஏற்றிக்கொள்வதில்லை.

ஆனால் இன்று திரையில் கோடு ஏறிய ஏற்றத்தைப் பார்த்து அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. இரண்டாவது ஊதலில் இன்னும் ஏறியது. மூன்றாவது ஊதலில், டாக்டர் கேட்டிருந்த அளவைத் தாண்டிப் போய் நின்றது.

"அண்ணே, பாஸாயிட்டீங்க!" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இந்த அறையில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. "நேரா டாக்டர்கிட்ட போங்க. ஆபரேஷனுக்குத் தேதி போட்டுடுவாங்க!"

அவர் மூக்குக் கிளிப்பைக் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்தார். தன் பேனாவை எடுத்தார். "கையெழுத்து எங்கம்மா வைக்கணும்?"

காட்டினாள். நிதானமாகப் பெயரை எழுதி, அடியில் தேதியும் போட்டார்.

"கொஞ்சம் சிரிங்கண்ணே! ஜெயிச்சுட்டு வந்து யாராவது மூஞ்சியை இப்படி உம்முனு வச்சிருப்பாங்களா? நம்பரைச் சொல்லுங்க, உங்க அண்ணன்கிட்ட நானே சொல்றேன்" என்று மேஜையிலிருந்த போனை எடுத்தாள்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அண்ணன் தவறி இருபத்தாறு நாளாச்சும்மா. சீட்டுல தேதி போட்டிருந்துச்சு, வந்துட்டேன்."