மதிலுக்கு அந்தப் பக்கம்

“கணக்கு இந்த மதிலோட முடிஞ்சிடுது மேடம். அந்தப் பக்கம் இருக்கிறது எங்களுது இல்லை.”

துண்டு நெய்யும் மில்லின் மேனேஜர் இதைச் சொன்னபோது, அளவெடுக்க வந்தவள் பின்பக்கக் கதவருகே நின்றிருந்தாள். வெள்ளைத் துணி ஏற்றிய வண்டி ஒன்று கதவைத் தாண்டி வெளியே போயிற்று. கருநீலத் துணியோடு இன்னொரு வண்டி உள்ளே வந்தது.

“வெள்ளையாப் போனது நீலமா வருதே. நடுவுல நடந்தது யாரோட கணக்கு?”

மேனேஜர் சிரித்து மழுப்பினார். இந்த மில்லுக்கு அவர் மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. வந்ததும் வராததுமாக இப்படி ஒருத்தியிடம் மாட்டிக்கொள்வோம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

துண்டுகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிதான் அவளை அனுப்பியிருந்தது. பருத்திச் செடியில் தொடங்கிக் கடை அலமாரிக்குப் போகும் வரை ஒரு துண்டு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எவ்வளவு அழுக்கைத் துப்புகிறது என்று படிப்படியாக அளக்கவேண்டும். எந்த இடத்தில் அழுக்கு வரம்பு மீறுகிறதோ அந்த இடத்துக்கு அன்றோடு வேலை நின்றுவிடும். இந்தத் தொழிலில் முதல் காரியம், வரைபடத்தில் ஒரு கோடு போடுவது. கோட்டுக்குள் இருப்பதை மட்டும்தான் அளப்பார்கள். போன வருஷம் வந்தவர் மேனேஜர் அறையில் காபி குடித்துக்கொண்டே மதிலை ஒட்டிக் கோடு போட்டுவிட்டுப் போனார். மதிலுக்கு வெளியே இருந்த சாயக் கொட்டகை தப்பித்தது.

இவள் கதவைத் தாண்டி நடந்தாள்.

“வாசல் வரைக்கும் வாங்கன்னா அடுப்படி வரைக்கும் போறீங்களே” என்று புலம்பிக்கொண்டு மேனேஜரும் பின்னாலேயே போனார்.

கொட்டகையை நடத்தும் சாயக்காரர் தொட்டி ஓரமாக நின்றிருந்தார். முழங்கை வரை நீலம் ஏறியிருந்தது. மேனேஜர் கண்ஜாடை காட்டினார். அதை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. “வாங்க” என்று மட்டும் சொன்னார்.

அவள் கேட்டதற்கெல்லாம் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் வந்தது. துணியை எத்தனை முறை அலசுகிறார்கள் என்று சொன்னார். கழிவைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இருக்கிறது, ஆனால் பாதி நாள் ஓடாது என்றும் அவரே சொன்னார். மேனேஜருக்கு இருமல் வந்தது.

“கழிவுத் தண்ணி எல்லாம் இந்தத் தொட்டிக்குத்தான் வருதா?”

சாயக்காரர் மூலையில் அடுக்கியிருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் வெளியே போயிற்று. அது நேராகக் கால்வாயில் விழுந்தது.

“இதையும் எழுதிக்குங்க.”

மேனேஜர் அவளைத் தனியே அழைத்துப் போனார். இந்த ஆள் பிழைக்கத் தெரியாதவர், இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். மில்லுக்கு வேறு சாயக்காரர் கிடைப்பார், இவருக்கு வேறு மில் கிடைக்காது என்றும் எடுத்துச் சொன்னார். அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது.

“சாயங்காலம் நீங்க பாட்டுக்கு உங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. இந்த மனுஷன் குடும்பத்தைக் கொஞ்சமாவது நினைச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். கால்வாய்த் தண்ணிய நம்பி இருக்கிற குடும்பங்களையும் நினைச்சுப் பாத்தேன்.”

அவள் வரைபடத்தை விரித்தாள். மதிலோரம் இருந்த கோட்டை அழித்துவிட்டுக் கொட்டகையையும் கால்வாயையும் சேர்த்து வளைத்துப் போட்டாள். இப்படி ஒரு கல்நெஞ்சைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, முதலாளிக்குப் போன் போட மேனேஜர் மில்லுக்குள் விரைந்தார்.

சாயக்காரர் குழாயின் வால்வை மூடினார். தண்ணீர் விழும் சத்தம் நின்றது. வேலையாட்களைக் கூப்பிட்டு, வேறு இடத்தில் தானே சொல்லி வேலைக்குச் சேர்த்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள்.

கொட்டகையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். அவள் குழாய்த் தண்ணீரைப் பிடித்த பாட்டிலைக் கைப்பைக்குள் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“வீட்டுச் சாவி. நான் வர லேட்டாகும்.”

சாயக்காரர் நீலக் கையால் அதை வாங்கிக்கொண்டார்.

“பசங்ககிட்ட நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா அழுதுடுவே.”