ஐந்து வருடப் பூச்சு

"அந்த ஜன்னலைச் சாத்து. எண்ணெய்ப் புகை வண்டி மேல படியுது" என்றார் சூப்பர்வைசர், தலையைத் திருப்பாமலே.

சமையலறையில் இருந்த மனைவிக்கு வலது காலில் மாவுக்கட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவதற்குள் அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துவிட்டது.

கார் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படித்தான். போர்ட்டிகோ முழுவதையும் அது அடைத்துக்கொண்டதால், ஸ்கூட்டர் தெருவில் மழையில் நனைந்தது. துணி உலர்த்தும் கொடி மொட்டை மாடிக்குப் போனது. மகளின் சைக்கிள் படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் பெடலில் இடித்துக்கொள்ளாமல் யாரும் திரும்பியதில்லை.

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கென்ன சார், யோகம்தான்" என்றபோது சூப்பர்வைசர் மறுக்கவில்லை. கையிலிருந்த துணியை உதறிக்கொண்டு அடக்கமாகச் சிரித்துவைத்தார்.

இன்று விடுமுறை. விடிந்ததும் விடியாததுமாக வேலையை ஆரம்பித்துவிட்டார். யாரோ ஒரு நிபுணரின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். முதலில் ஷாம்பூக் குளியல். பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியை வைத்துத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அழுக்கையெல்லாம் வழித்தெடுத்தார். அப்புறம் பாலீஷ். அதற்கப்புறம், பாலீஷின் பிசுக்குப் போக ஸ்பிரிட் வைத்துத் துடைத்தார். கடைசியில், இருமல் மருந்துப் புட்டியைவிடச் சின்னதாக ஒரு புட்டியைப் பஞ்சுக்குள்ளிருந்து எடுத்தார்.

அதில் என்ன என்று மகள் கேட்டாள். கல்லூரிக்குப் போகிறவள், நாக்கு கொஞ்சம் நீளம். செராமிக் கோட்டிங் என்று அவர் விளக்கினார். காய்ந்துவிட்டால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், வெயில், மழை, காக்கா எச்சம் எதுவும் ஒன்றும் செய்யாது, ஐந்து வருடத்துக்குக் கவலையே இல்லை.

சொல்லிக்கொண்டே நாலு சொட்டு எடுத்து பானெட்டில் தடவினார். குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. பூச்சின் மேல் வானவில் மாதிரி நிறம் ஓடியதும், மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட நீங்க இவ்வளவு மெதுவா நெத்தியைத் தொட்டதில்லப்பா" என்றாள் மகள்.

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மனைவி வாசலுக்கு வந்து நின்றாள். இன்று அவளுக்கு மாவுக்கட்டுப் பிரிக்கும் நாள். போன வாரமே சொல்லியிருந்தாள்.

"ஆட்டோவில காலை மடக்க முடியலைங்க. இதுல பின் சீட்ல காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்துக்கறேன். ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டாப் போதும்."

நடக்கிற காரியமாகப் பேசச் சொன்னார் அவர். கோட்டிங் போடும்போது வண்டி அசையக் கூடாது, தூசி பட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்றார். நேற்று கோட்டிங் இல்லையே, முந்தாநாள் கேட்டபோது என்ன வந்தது என்று அவள் கேட்டாள்.  அவர் கதவுக் கைப்பிடியைத் துடைத்தார்.

"இத்தனை நாளா இது நம்ம வாசல்ல நிக்குது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நாங்க இதுல ஏறி உட்கார்ந்திருப்போமா?"

"எல்லாத்துக்கும் நேரம் வரும். கொஞ்ச நாள் பொறு, நம்ம தலையெழுத்தே மாறப்போகுது பாரு."

 மகள் போய் ஆட்டோ கூட்டிவந்தாள். டிரைவர் மாவுக்கட்டையும் பார்த்தார், மின்னிக்கொண்டிருந்த காரையும் பார்த்தார். "ரிப்பேரா சார்?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

"சேச்சே, கோட்டிங்" என்றார் சூப்பர்வைசர் பெருமையாக.

மனைவியின் கால் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மகள் அதை மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கிளம்பியதும் புகையும் புழுதியும் கிளம்பின. சூப்பர்வைசர் பதறிப்போய், இரண்டு கைகளாலும் போர்வையை விரித்துப் பிடித்துக் காரை மறைத்து நின்றார்.

அவர்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கட்டுப் பிரித்த காலை மெல்ல ஊன்றி, மகளின் தோளைப் பிடித்து மனைவி உள்ளே வந்தாள். வலிக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கேட்பார் என மகள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அவர் பானெட்டைக் காட்டினார்.

"இதுல பாரேன். என் முகம் தெரியுது."

"நல்லாவே தெரியுது" என்றாள் மனைவி. அங்கேயே படியில் உட்கார்ந்து காலை நீவிவிட்டுக்கொண்டாள்.

போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் சூப்பர்வைசர் கையைத் துடைத்தார், சட்டையின் மேல் பட்டனைப் போட்டார், விறைப்பாக நின்றார்.

"வணக்கம் சார். ஊருக்கு வந்துட்டீங்களா சார்? உங்க கார் என் வீட்ல பத்திரமா இருக்கு சார். நாளைக்குக் காலையிலேயே பங்களாவுக்குக் கொண்டுவந்துடறேன் சார்."

"இங்க வேண்டாம்பா, நேரா பெயின்ட் பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டுடு" என்றார் அவருடைய கம்பெனியின் ஜெனரல் மேனேஜர். "என் பொண்ணுக்கு மஞ்சள் கலர்லதான் வேணுமாம், மாத்திக் குடுக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இப்போ என்னமோ செராமிக் கோட்டிங்னு பூசறாங்களாமே, அது இருந்தா மேல பெயின்ட் பிடிக்கவே பிடிக்காதாம், சுரண்டி எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும்னு பட்டறைக்காரன் பயமுறுத்தறான். நல்லவேளை, நம்ம வண்டியில அந்தத் தொல்லை இல்ல."